இரண்டு ரயில் தடங்கள், நடுவில் ஒரு தேக்கா

குறைந்த காசில் முதல் பயணம் – 6

திருச்சியிலோ சென்னையிலோ இரவு விமானம் ஏறினால், பெரும்பாலும் விடிவதற்கு முன்பே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. தூக்கக் கலக்கம், கையில் பெட்டி, பக்கத்தில் பிள்ளைகள். வாசலில் டாக்சி வரிசையாக நிற்கும். ஏறிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 6 வரை டாக்சியில் மீட்டர் தொகைக்கு மேல் பாதி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தில் ஏறுவதற்குத் தனிக் கட்டணம் வேறு. ஐந்தரை மணி வாக்கில் முதல் ரயில் கிளம்பிவிடும். அறையில் நுழைய எப்படியும் பகல் இரண்டு, மூன்று மணி ஆகும். எனவே முகம் கழுவி, நாற்காலியில் சாய்ந்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். அந்தப் பணத்தில் ஒரு குடும்பம் இரண்டு வேளை சாப்பிடலாம்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்றும் சென்டைக் காசு என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு வெள்ளிக்கு எழுபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கு எளிது.

சிங்கப்பூர் விலை கூடிய ஊர் என்று எல்லோரும் சொல்வது உண்மை. ஆனால் அங்கே இரண்டு விலைப்பட்டியல்கள் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. ஒன்று சுற்றுலாப் பயணிக்காகப் போட்டது. மற்றது அந்த ஊரில் வேலைக்குப் போய்த் திரும்பும் சாதாரண மனிதர்களுக்காக அரசாங்கமே பார்த்துப் பார்த்து அமைத்தது: ரயில், பேருந்து, உணவங்காடி, பூங்கா, நூலகம். இந்த இரண்டாவது பட்டியலில் நின்றுகொண்டால், நான்கைந்து நாள் பயணம் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத ஒன்றல்ல. அதற்கு முதல் படி, எங்கே தங்குகிறோம் என்பது.

என் பதில் லிட்டில் இந்தியா. நம் சாப்பாடு கிடைக்கும், நம் மொழி பேசலாம் என்பதெல்லாம் சரிதான். அதைவிடப் பெரிய காரணம், அங்கே இரண்டு ரயில் தடங்கள் சந்திக்கின்றன. ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் சைனாடவுன், அதே தடத்தின் கடைசியில் செந்தோசாவுக்கு எதிரே உள்ள ஹார்பர்ஃபிரண்ட். நீல நிற டவுன்டவுன் தடத்தில் ஒரு பக்கம் மூன்றாவது நிலையம் தாவரவியல் பூங்கா. மறுபக்கம் நான்காவது நிலையம் பேஃபிரண்ட், அதாவது மரினா பே. முதன்முறை போகிறவர் பார்க்க விரும்புகிற இடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கோடுகளிலேயே அடங்கிவிடும். மாறி ஏறும் சிரமம்கூட இல்லை.

நிலையத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். முஸ்தபா கடைப் பக்கம் தங்குகிறவர்களுக்கு ஃபேரர் பார்க் நிலையம்தான் கிட்டம். டன்லப் தெரு, ஜாலான் புசார் பக்கம் என்றால் ஜாலான் புசார் அல்லது ரோச்சோர். விமான நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான எக்ஸ்போவில் நீலத் தடத்துக்கு மாறினால் நேராக ஜாலான் புசாரில் இறங்கலாம். அதே ரயிலில் லிட்டில் இந்தியா நிலையம் வரை உட்கார்ந்திருந்தால், அது மரினா பே வரை ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேரும்.

அறை வாடகைதான் இந்தப் பயணத்தின் பெரிய செலவு. கட்டில் கணக்கில் தரும் ஹாஸ்டல்களில் ஒருவருக்கு முப்பது, நாற்பது வெள்ளி வாக்கில் இடம் கிடைக்கும். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு அது போதும். குடும்பத்துக்குச் சிறிய ஹோட்டல் அறை. மிக மலிவாகத் தெரிகிற அறைக்குப் பல சமயம் ஜன்னலே இருக்காது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறீர்கள் என்றால், இதை முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். காட்டும் வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் கார்ப் பந்தயம் நடக்கும் வாரம், டிசம்பர் விடுமுறை, சீனப் புத்தாண்டு, இந்தச் சமயங்களில் வாடகை ஏறிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வீட்டில் ஒரு அறை, நாள் கணக்கில் வாடகை’ என்று தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்புவார்கள். அந்த ஊர்ச் சட்டப்படி தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசாங்க அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடக் கூடாது. மகன் வீட்டில், தங்கை வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு. காசு கொடுத்துத் தங்குவதானால் உரிமம் உள்ள இடத்தில் மட்டும் தங்குங்கள்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே அட்டைதான், தூரத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். ஒரு வெள்ளிக்குச் சற்று மேலே தொடங்கி எவ்வளவு தூரம் போனாலும் இரண்டரை வெள்ளி வாக்கில் நின்றுவிடும். ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்து ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்கிடப்படும். பேருந்தில் இறங்கும்போதும் அட்டையைத் தட்ட வேண்டும். மறந்தால் அந்தத் தடத்தின் முழுக் கட்டணமும் போய்விடும். நம் வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை நேரடியாகத் தட்டலாம். ஆனால் வெளிநாட்டு அட்டை என்பதால் பயன்படுத்தும் நாளுக்கு 60 காசு சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். தவிர, ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். அப்பா தட்டி, அதே அட்டையை அம்மாவிடம் நீட்டினால் கதவு திறக்காது. நான்கு பேர் குடும்பம் நிலையத்தில் ஆளுக்கொரு ஈசி-லிங்க் பயண அட்டை வாங்கிக்கொள்வதே நல்லது. கிளம்பும் முன் உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைக்க வேண்டும். நம் அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே என்ற நிலையில்தான் வருகின்றன.

இனி சாப்பாடு. சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடலாம். அந்தத் தெருவின் சரித்திரத்தில் அதற்கும் பங்குண்டு. ஆனால் தினசரிச் சாப்பாட்டுக்குத் தேக்கா சென்டர்தான். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கீழே ஒரு பக்கம் காய்கறி, மீன், இறைச்சிச் சந்தை, மறுபக்கம் உணவுக் கடைகள், மாடியில் துணிக்கடைகள். காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். சந்தைப் பையோடு வந்த மூதாட்டி ஒருவர் தோசைக் கடை வரிசையில் நிற்பார். பக்கத்து மேசையில் இரவு வேலை முடித்து வந்தவர் பிரியாணிப் பொட்டலத்தைக் கட்டச் சொல்லிக் காத்திருப்பார். காப்பிக் கடைக்காரர் கறுப்புத் தேநீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்து ஆற்றுவார். தே என்று கேட்டால் இனிப்புக் கட்டிப்பால் சேர்த்த தேநீர் வரும். தே ஓ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. சர்க்கரையே வேண்டாம் என்பவர்கள் தே ஓ கோசோங் என்று கேளுங்கள். தமிழ்க் கடைகளில் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் போதும். சீனர் கடைகளில் அங்கிள், ஆன்ட்டி.

மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடம் யாரோ பிடித்து வைத்தது. எடுத்துப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது. சாப்பிட்ட தட்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது 2021 செப்டம்பரிலிருந்து விதி. வைக்கும் அடுக்குகளும் ஹலால் தட்டுகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று தனித்தனி. பார்த்து வையுங்கள், பல மதத்தார் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடம் அது. இந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இங்கே பலகையில் போட்ட விலைதான் விலை. பெரிய உணவகங்களில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், பத்து சதவீத சேவைக் கட்டணமும் ஒன்பது சதவீத ஜிஎஸ்டியும் மேலே ஏறும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஊரிலிருந்து ஒரு காலி பாட்டில் கொண்டுபோனால் தண்ணீருக்குக் காசே கொடுக்க வேண்டாம். ரயிலில் மட்டும் குடிக்கக் கூடாது, சாப்பிடவும் கூடாது. 500 வெள்ளி வரை அபராதம்.

பார்க்க வேண்டியவற்றில் சிறந்தவை பலவும் இலவசம். 1859இல் தொடங்கி, 2015இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தாவரவியல் பூங்கா காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். வெயில் ஏறுவதற்குள் அங்கே போய்விடுங்கள். மதியம் சைனாடவுன் பக்கம் போகிறவர்கள் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலை மறக்கக் கூடாது. நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய கோயில் அது. ஊரிலேயே பழைய இந்துக் கோயில். நடுப்பகலில் கோயில்களின் நடை சாத்தியிருக்கும் என்பதால் நேரம் பார்த்துப் போங்கள். மாலையில் பேஃபிரண்ட். கார்டன்ஸ் பை தி பேயின் கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் காசு. வெளித் தோட்டத்துக்கு இல்லை. அங்குள்ள பெரிய இரும்பு மரங்களின் அடியில் இரவு 7.45க்கும் 8.45க்கும் ஒளியும் இசையுமாக நடக்கும் காட்சியைத் தரையில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். முதல் காட்சி முடிந்து நடந்தால், மரினா பே கரையில் ஒன்பது மணி நீர்க் காட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். செந்தோசாவுக்கும் மரப்பாலத்தில் நடந்தே போகலாம், நுழைவுக்குக் காசில்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று மாலை சிராங்கூன் சாலையில் நடக்க இடம் இருக்காது. வாரம் முழுக்கக் கட்டடத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் விடுதிகளிலிருந்து வந்து சேரும் நாள் அது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பிள்ளைகளோடு வங்கதேசத்தவரும் வருவார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், சாமான் வாங்க வேண்டும், நண்பனைப் பார்க்க வேண்டும். நீங்கள் வேறு நாளில் சாப்பிட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்த ஒரு மாலைதான். அன்று கடைவீதி வேலைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். புல்தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நீங்கள் அண்ணாந்து பார்க்கிற அத்தனை கட்டடங்களிலும் அவர்கள் கை இருக்கிறது. ஊர் பேர் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால், எந்தப் பேருந்து, எந்தக் கடை மலிவு என்பதை எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும் விட நன்றாகச் சொல்வார்கள். ஒரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2013 டிசம்பரில் அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி, லிட்டில் இந்தியாவில் சனி காலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெல்லும் புகையிலை எந்த வடிவத்திலும் ஆகாது. மின்சிகரெட் கூடாது. சிகரெட்டுக்கு வரிச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட்டுக்கும் வரி. நம் வீட்டு அம்மாக்கள் அறியாமல் செய்கிற ஒன்று, குருமாவுக்கென்று கசகசாவைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது. அங்கே அது போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து எடுப்பவர்கள் முன் அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். வருகை அட்டையை இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் அரசின் குடிநுழைவுத் துறை இணையதளத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம்; பணம் கேட்கிற தளம் போலி.

திரும்பும்போது முஸ்தபா. நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடை என்பதால் பகலை அங்கே செலவழிக்க வேண்டாம். ஒரே கடையில் நூறு வெள்ளிக்கு மேல் வாங்கினால் கட்டிய ஜிஎஸ்டியில் பெரும்பகுதியைச் சாங்கியில் திரும்பப் பெறலாம். கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வாங்கிய பொருள் பெரிய பெட்டிக்குள் போவதானால், அந்தப் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே திரும்பப் பெறும் இயந்திரத்தில் வேலையை முடித்துவிட வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொன்னால் அப்போது அது கையில் இருக்க வேண்டுமே. தங்க நகை வாங்கும் எண்ணமிருந்தால் ஒரு கணக்கு. இந்தியாவுக்குள் வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவருக்குத்தான். ஐந்து நாள் பயணிக்கு அது கிடையாது. அங்கே மிச்சம் பிடித்த ஜிஎஸ்டியைவிட இங்கே சுங்கத்தில் கட்டுவது கூடிவிடலாம். கடையில் உட்காருவதற்கு முன்பே இரண்டையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)