ஓரிறையும் தூதர்களும்: இரண்டு தமிழ்க் காப்பியங்கள் காட்டும் வேறுபாடு

யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகிய மூன்று சமயங்களும் உலகைப் படைத்தவன் ஒருவனே என்பதிலும், அவன் மனிதரைப் படைத்ததோடு நில்லாமல் சிலரைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வழியாகப் பேசினான் என்பதிலும் உடன்படுகின்றன. அவன் யார் யார் வழியாகப் பேசினான், அந்தப் பேச்சு யாரோடு நிறைவுற்றது என்று கேட்கும்போதுதான் மூன்றும் தனித்தனிப் பாதையில் பிரிகின்றன. கடவுள் ஒருவரா பலரா என்பதைவிடத் தூதர் என்பவர் யார் என்ற கேள்வியே இச்சமயங்களை வேறுபடுத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால், இவற்றின் பல வழிபாட்டு முறைகளும் மனத்தாங்கல்களும் தாமே விளங்கிவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. ராவுத்தர் சமூகத்தார் நெடுங்காலமாக வாழும் உத்தமபாளையமும் கம்பமும், கத்தோலிக்கர் நிறைந்த இராயப்பன்பட்டியும் அனுமந்தன்பட்டியும், பாண்டியர் காலச் சிவன் கோயிலைக் கொண்ட சின்னமனூரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்க, 1956இல் உத்தமபாளையத்தில் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். இத்தகைய இடங்களில் "எல்லா சாமியும் ஒண்ணுதான்" என்ற பேச்சு இயல்பாகவே எழும். அக்கம்பக்கத்து நல்லுறவுக்கு அது போதுமானதுதான். ஆனால் இயேசுவை இறைமகன் என்று சொல்ல ஓர் இஸ்லாமியரால் ஏன் முடியாது, அவரை நபி என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள ஒரு கிறித்தவரால் ஏன் முடியாது என்பதற்கு அந்தப் பேச்சில் விடை இல்லை.

இறைத்தூதர் என்ற கருத்து தமிழ்ச் சமய மரபுக்குச் சற்றே புதியது என்பதால், அது எதுவன்று என்பதிலிருந்து தொடங்குவது எளிது. அவதாரம் என்பது இறைவனே இறங்கி வருவது. தூதரோ தாயின் வயிற்றில் பிறந்து, பசித்து, நோயுற்று, இறக்கும் மனிதர். நாயன்மார்களும் ஆழ்வார்களும் மனிதரின் குரலாக இறைவனை நோக்கிப் பாடினார்கள். தூதரோ இறைவனின் சொல்லை மனிதரிடம் கொண்டுவருகிறார், அதுவும் பெரும்பாலும் தம் விருப்பத்துக்கு மாறாக. உத்தமபாளையத்தின் திருக்குணகிரிப் பாறையில் செதுக்கப்பட்டுள்ள சமணத் தீர்த்தங்கரர்கள் இன்னொரு வகையினர்; அவர்கள் தம் தவத்தால் முற்றறிவு பெற்று வழிகாட்டியவர்கள், அவர்களை அனுப்பியவர் என்று ஒரு கடவுளைச் சமணம் ஏற்பதில்லை. அனுப்பியவன் ஒருவன், அனுப்பப்பட்டவர் ஒருவர், இருவரும் ஒருபோதும் ஒன்றல்லர் என்ற பிரிவே தூதுத்துவத்தின் அடிப்படை. கிறித்தவம் மட்டும் இந்தப் பிரிவை ஓரிடத்தில் கடக்கிறது.

மூன்றில் மூத்ததான யூத சமயத்தில், தீர்க்கதரிசி அல்லது இறைவாக்கினர் எனப்படுபவர் வருங்காலம் உரைப்பவர் என்பதைவிட அதிகாரத்தை நோக்கி விரல் நீட்டுபவர் என்றே சொல்ல வேண்டும். தாவீது அரசன் தன் படைவீரனான உரியாவின் மனைவி பத்சேபாளை அடைந்து, அவ்வீரனைப் போர்முனையில் மடியவிட்டபின், நாத்தான் என்ற இறைவாக்கினர் அரண்மனைக்கு வந்து ஒரு வழக்கைச் சொல்கிறார்: மந்தை மந்தையாய் ஆடு வைத்திருந்த செல்வன் ஒருவன், தன் வீட்டு விருந்துக்காக, ஏழை ஒருவன் மகளைப் போல் மடியில் வைத்து வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடித்து அடித்துவிட்டான். கேட்ட அரசன் சினந்து அச்செல்வனுக்குச் சாவே தகும் என்கிறான். அந்தச் செல்வன் நீர்தான் என்கிறார் நாத்தான். படையோ பட்டமோ இல்லாத ஒருவர் அரசனை அவன் வாயாலேயே தீர்ப்பளிக்க வைக்கும் இந்தக் காட்சிதான் யூத மரபில் தூதரின் பணிக்கு முழு எடுத்துக்காட்டு.

நாற்பத்தெட்டு ஆண்களும் ஏழு பெண்களும் இப்பணியைச் செய்தனர் என்று தல்மூது என்னும் யூத மறைவிளக்க நூல் கணக்கிடுகிறது. சாராள், மிரியாம், தெபோராள் முதலியோர் அப்பெண்களில் அடங்குவர். இவர்கள் எவரும் குறையற்றவர்களாகக் காட்டப்படவில்லை. யோனா கடவுள் இட்ட பணியிலிருந்து தப்பிக் கப்பலேறி ஓடினார். மோசேயே எல்லாருக்கும் தலையாயவர் என்பதும், அவர் பெற்ற திருச்சட்டம் மாறாதது என்பதும் 12-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் தொகுத்த 13 நம்பிக்கைக் கூறுகளில் இடம்பெறுகின்றன. மலாக்கியோடு இறைவாக்கு உரைப்பது நின்றுவிட்டது என்பது யூத மரபு. அதன்பின் சட்டத்தை ஆய்ந்து விளக்கும் ரபிகள் அந்த இடத்துக்கு வந்தனர்.

கிறித்தவம் இதே இறைவாக்கினர்களை ஏற்று, அவர்கள் எல்லாரும் வரப்போகும் ஒருவரையே சுட்டினார்கள் என்று படிக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள் திருவருகைக்காலம் எனப்படும். அப்போது கத்தோலிக்கத் திருப்பலிகளில் எசாயாவின் வாசகங்கள் மீண்டும் மீண்டும் ஒலிப்பது இதனால்தான். திருமுழுக்கு யோவானோடு அந்த வரிசை முடிகிறது; அடுத்து வரும் இயேசு தூதரல்லர், தூதர்கள் கொண்டுவந்த சொல்லே உடலெடுத்தவர் என்பது கிறித்தவக் கொள்கை. தந்தை, மகன், தூய ஆவி என மூவராயிருந்தும் கடவுள் ஒருவரே என்னும் மூவொரு கடவுள் கோட்பாட்டை 325இல் நிகேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய திருச்சங்கங்கள் வரையறுத்தன. இது ஓரிறைக் கொள்கைக்கு முரணானது என்று யூதரும் இஸ்லாமியரும் சொல்ல, முரணன்று, மனித அறிவுக்கு எட்டாத ஒருமை என்று கிறித்தவர் சொல்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இவ்வழக்கில் ஒருவர் மற்றவரை வாதத்தால் வென்றதாக வரலாறு இல்லை. இதற்கிடையே, இறைவாக்கு வரம் இன்னும் தொடர்கிறது என்று நம்பும் பெந்தெகொஸ்தே சபைகளில் 'தீர்க்கதரிசன ஊழியம்' என்று தனியே ஒரு பணி நடப்பதைத் தமிழகச் சுவரொட்டிகள் காட்டுகின்றன. மரபார்ந்த திருச்சபைகள் அதைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்கின்றன.

இஸ்லாத்தில் இறைவனின் ஒருமை தவ்ஹீத் எனப்படும். அவனுக்கு இணை வைப்பதாகிய ஷிர்க் பாவங்களிலெல்லாம் பெரியது. அல்லாஹ் எல்லாச் சமுதாயங்களுக்கும் தூதர்களை அனுப்பினான் என்றும், அவர்கள் 1,24,000 பேர் என்றும் மரபு கூறினும், திருக்குர்ஆனில் பெயர் சொல்லப்படுபவர்கள் 25 பேரே. இறைச்செய்தி பெற்றவர் நபி. அவர்களுள் தனி வேதமோ சட்டமோ பெற்றுச் சமுதாயத்துக்கு அனுப்பப்பட்டவர் ரசூல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வேறுபாடு. பைபிளின் ஆபிரகாம், மோசே, தாவீது, இயேசு ஆகியோரே இங்கு இப்ராஹீம், மூஸா, தாவூத், ஈஸா. குர்ஆனில் மிக அதிகமுறை பெயர் குறிக்கப்படும் நபி மூஸாவே. பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் ஈஸாவின் தாய் மர்யம், அவர் பெயரில் ஓர் அத்தியாயமே உண்டு. ஈஸா தந்தையின்றிப் பிறந்ததையும் அவர் செய்த அற்புதங்களையும் இஸ்லாம் ஏற்கிறது. அவர் இறைமகன் என்பதையும் சிலுவையில் இறந்தார் என்பதையும் மறுக்கிறது.

நபிமார் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள் என்பது இஸ்லாமியக் கொள்கை. ஆகவே தாவூத் நபியைப் பற்றி மேலே சொன்ன பத்சேபாள் கதையை இஸ்லாமிய அறிஞரில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. தூதரின் குறையைச் சொல்வது யூத மரபில் நேர்மையாகவும், இஸ்லாமிய மரபில் தூதரை அனுப்பியவனுக்கே இழுக்காகவும் கருதப்படுகிறது. பக்ரீத் பெருநாளின் பின்னணியான பலி நிகழ்ச்சியிலும் இப்படியொரு வேறுபாடு உண்டு: பலியிட அழைத்துச் செல்லப்பட்ட மகன் ஈசாக்கு என்று பைபிள் சொல்ல, இஸ்லாமிய மரபில் பெரும்பான்மையோர் இஸ்மாயீல் என்று கொள்கின்றனர்.

நபிகள் நாயகம் இந்த வரிசையின் முத்திரை, அதாவது இறுதியானவர். 632இல் அவர் மதீனாவில் மறைந்தபோது அவருடைய தோழர் உமர் அதை நம்ப மறுத்து நின்றதையும், மற்றொரு தோழர் அபூபக்கர் மக்கள் முன் வந்து, முகம்மதை வணங்கியவர் இருந்தால் அவர் இறந்துவிட்டார் என்று அறிக, அல்லாஹ்வை வணங்கியவர் அவன் இறவாதவன் என்று அறிக என்ற பொருள்படப் பேசியதையும் இஸ்லாமிய வரலாற்று நூல்கள் ஒருமுகமாகப் பதிவுசெய்கின்றன. நாயகத்தை எந்த எல்லை வரை புகழலாம் என்ற கேள்வி தமிழ் முஸ்லிம்களிடையே இன்றும் அடங்கவில்லை. ரபீஉல் அவ்வல் மாதத்தில் பள்ளிவாசல்களில் மவ்லிது என்னும் புகழ்ப்பாக்களை ஓதி நேர்ச்சைச் சோறு வழங்குவது பழைய வழக்கம்; அந்தப் பாக்கள் வரம்பு மீறுகின்றன என்று 1980களிலிருந்து தவ்ஹீத் இயக்கத்தார் எதிர்த்து வருகின்றனர். அன்புக்கும் வணக்கத்துக்கும் இடையே கோடு எங்கே என்பதுதான் அந்த விவாதத்தின் சாரம்.

தமிழர்க்கு வாய்த்த ஒரு பேறு, இந்த வேறுபாடுகளைக் கொள்கை விளக்க நூல்களைத் தேடாமல் தம் காப்பியங்களிலேயே காண முடிவது. வீரமாமுனிவர் 1726இல் நிறைவுசெய்த தேம்பாவணி மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல்களைக் கொண்டது. அதன் தலைவன் இயேசு அல்லர். அவரை வளர்த்த சூசை, காப்பியம் தரும் பெயரில் வளன். கடவுளே குழந்தையாகக் கையில் இருக்கும்போது, அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு நடக்கும் தச்சன் காப்பியத் தலைவனாகிறான். பழைய ஏற்பாட்டு வரலாறுகள் இந்தக் கதைக்குள் கிளைக்கதைகளாகச் சொல்லப்படுகின்றன. முன்னோர் கண்டதெல்லாம் இக்குழந்தைக்கான முன்னறிவிப்பு என்ற கிறித்தவப் பார்வை அங்கே நூலின் அமைப்பாகவே ஆகிவிட்டிருக்கிறது.

அதற்கு முன்பே எழுந்த சீறாப்புராணத்தை வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் உமறுப்புலவர் தொடங்கினார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் நூல் வளர்ந்தது. 5,027 பாடல்களைக் கொண்ட அந்நூலின் மூன்று காண்டங்களும் பிறப்பு, நபித்துவம், ஹிஜ்ரத் என்னும் இடப்பெயர்வு ஆகியவற்றின் பெயரால் அமைந்தவை. நடுக்காண்டத்துக்கு ஒரு நிகழ்ச்சியின் பெயரோ ஊரின் பெயரோ இல்லாமல் நபித்துவம் என்ற பதவியின் பெயரே இடப்பட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அங்கே தலைவன் தூதரே, அவருடைய பெருமையும் தூதராய் இருப்பதே.

மானுக்குப் பிணை நின்ற படலம் இதைத் தெளிவாகக் காட்டும். வேடன் ஒருவன் வலையில் பெண்மான் ஒன்று அகப்படுகிறது. அது நாயகத்தைக் கண்டு, பசியோடிருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புகிறேன் என்று முறையிடுகிறது. அதன் பொருட்டு நாயகம் வேடனிடம் தாமே பிணையாக நிற்கிறார். மான் சொன்னபடி கன்றோடு திரும்பி வர, திகைத்த வேடன் நம்பிக்கை கொள்கிறான். இறைவனின் செய்தியைக் கொண்டுவருபவர் ஒரு விலங்கின் சொல்லுக்கும் பொறுப்பேற்கிறார். ஆனால் மானைத் தம் ஆற்றலால் மறைத்துவிடவோ வேடனைத் தண்டிக்கவோ முற்படவில்லை. அற்புதம் நிகழும் இடத்திலும் உமறுவின் தலைவர் மனிதராகவே நிற்கிறார். கம்பனைக் கற்றுத் தேர்ந்த புலவர், காப்பிய மரபு எவ்வளவு இழுத்தும், தலைவனைக் கடவுளாக்காமல் 5,000 பாடல்களைக் கடந்திருப்பது எளிய செயலன்று.

இச்சமயங்கள் தமிழ் நிலத்துக்குப் புதியனவும் அல்ல. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் பெரிய செப்பேட்டின் தமிழ்ப் பகுதி எழுதப்பட்ட அதே வட்டெழுத்தில்தான், மலைக்கு அப்பால் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு 849இல் உரிமைகள் வழங்கிய செப்பேடும் எழுதப்பட்டது. அதில் சாட்சியிட்டோர் அரபு எழுத்திலும், பாரசீகப் பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். இஸ்லாமியர், சரத்துஸ்திர நெறியினர், யூதர் என்று பலரும் ஒரு கிறித்தவக் கோயிலின் உரிமைக்குச் சான்று நின்றிருக்கின்றனர். சரத்துஸ்திரரைத் தூதராகக் கொள்ளும் பார்சிகளையும், ஓரிறைக் கொள்கையோடு குருமரபைக் கொண்டு 1708இல் அம்மரபை நூலிடமே ஒப்படைத்த சீக்கியரையும் சேர்த்துப் பார்த்தால், இறைவனின் சொல் யாரிடம் தங்குகிறது என்பதற்கு இந்திய மண்ணில் மட்டும் ஐந்து விடைகள் உள்ளன.

பாடநூல்களில் சீறாவும் தேம்பாவணியும் சில செய்யுள்களோடும் ஆசிரியர் குறிப்போடும் நின்றுவிடுகின்றன. முஸ்லிம் ஒருவர் எழுதியது, பாதிரியார் ஒருவர் எழுதியது என்பதைத் தாண்டி மாணவர் நினைவில் பெரும்பாலும் எதுவும் தங்குவதில்லை. இரண்டு நூல்களிலும் நாட்டுப் படலம் இருக்கிறது. ஒன்று அரபு நாட்டையும் மற்றது யூதேயாவையும் மழையும் ஆறும் வயலுமாய்ப் பாடுகிறது. முல்லைப்பெரியாற்று நீரில் இருபோகம் விளையும் ஊர்களின் பிள்ளைகளுக்கு அவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டி, அதன்பின் வளனும் நபியும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று கேட்கும் வேலையைக் கம்பம் பள்ளத்தாக்கின் தமிழாசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.