பந்து வருவதற்கு ஒரு நொடி முன்

2023 ஆகஸ்ட் 12. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை ஆட்டம். மோகன் பகானை எதிர்த்து ஈஸ்ட் பெங்கால். 60ஆவது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தை வாங்கினார் சென்னைக்காரரான நந்தகுமார் சேகர். எதிரே நின்ற அனிருத் தாபாவை ஏமாற்றி உள்ளே திரும்பி, இடது காலால் வளைத்து அடித்தார். தூரக் கம்பத்தை ஒட்டிப் பந்து வலைக்குள் போனது. 1-0. 2019 ஜனவரிக்குப் பிறகு அந்தப் பரம வைரியை ஈஸ்ட் பெங்கால் வென்றது அன்றுதான்.

அந்தக் காணொளியைப் பார்க்கும் பையன்கள் எல்லோரும் கடைசி உதையைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் தென்காசி வட்டாரத்து மைதானங்களில் சாயங்காலப் பயிற்சியும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. பையன்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் பந்தைத் தள்ளிவிட, ஒவ்வொருவராக ஓடி வந்து கோலை நோக்கி ஓங்கி அடிப்பார்கள். தடுக்க ஆள் கிடையாது, அவசரமும் கிடையாது. ஸ்ட்ரைக்கரின் வேலையில் மிக எளிய பகுதியை மட்டும் நூறு தடவை செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். கடினமான பகுதி பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விளையாட்டு அறிவியல் முப்பது ஆண்டுகளாக அதைத்தான் ஆராய்ந்து வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். பெனால்டி புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து அந்தத் தூரத்தை 0.4 நொடியில் கடந்துவிடும். கண்ணில் பட்டது மூளைக்கு எட்டி, உடம்பு அசையத் தொடங்கவே கோல்கீப்பருக்கு ஏறக்குறைய 0.2 நொடி போய்விடும். அதனால்தான் அவர் முன்கூட்டியே ஊகித்துப் பாய்கிறார். ஸ்ட்ரைக்கரின் நிலைமையும் அதேதான். பெனால்டி பாக்ஸுக்குள் பந்து கிடைத்ததும் டிஃபெண்டர் ஒரு நொடிக்குள் வந்து விழுவார். பந்தைப் பிடித்த பிறகு கோல்கீப்பர் எங்கே, இடைவெளி எங்கே என்று தேட நேரமே இருக்காது. தேடி முடித்திருக்க வேண்டும்.

நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் 118 பேரின் தலையசைவுகளைக் காணொளியில் எண்ணினார். பந்து வருவதற்கு முன்னுள்ள நொடிகளில் தோளுக்குப் பின்னால் அடிக்கடி திரும்பிப் பார்த்தவர்கள், பந்து கிடைத்ததும் கொடுத்த பாஸ்கள் அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. இதைப் பழக்கச் செலவே இல்லை. பையனுக்குப் பின்னால் ஒருவர் நின்று விரல்களை உயர்த்த வேண்டும். பந்து காலில் படுவதற்குள் எத்தனை விரல் என்று பையன் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாமல் அடித்த கோல் கணக்கில் சேராது. எங்கள் ஊர்ப் பயிற்சியாளர்கள் இதை ஒரு மாதம் செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தலையை எப்படி நிமிர்த்துவது? அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எய்ச்சி நைட்டோவும் சதோஷி ஹிரோசேயும் பிரேசில் வீரர் நெய்மாரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, பாதத்தைச் சுழற்றச் சொன்னார்கள். மற்றத் தொழில்முறைக் கால்பந்து வீரர்களையும் நீச்சல் வீரர்களையும்விட அவருடைய மூளையின் இயக்கப் பகுதியில் மிகச் சிறிய இடமே வேலை செய்தது. சிறுவயதிலிருந்து லட்சக்கணக்கான தடவை பந்தைத் தொட்டுப் பழகிய காலுக்கு மூளை அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை போலும். மிச்சமாகும் கவனம் சுற்றிலும் பார்க்க உதவும் என்பது என் ஊகம்.

அடுத்தது எங்கே நிற்பது என்ற கேள்வி. கோலின் அகலம் 7.32 மீட்டர். அதன் இரு கம்பங்களும் பெனால்டி புள்ளியில் நிற்பவருக்கு ஏறக்குறைய 37 டிகிரி கோணத்தைத் திறந்துவிடுகின்றன. பாக்ஸின் விளிம்புக்கு வந்தால் 25 டிகிரி. 25 மீட்டர் தள்ளிப் போனால் வெறும் 17. கோல் கோட்டுக்கு ஐந்தரை மீட்டர் அருகிலேயே இருந்தாலும், கோலின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 15 மீட்டர் விலகிவிட்டால் 10 டிகிரிகூடத் தேறாது. தூரத்திலிருந்து இடியாக இறங்கும் கோல்கள்தான் நினைவில் நிற்கும். ஆனால் ஆண்டுதோறும் கோலாகக் குவிப்பவர்கள் அந்த 37 டிகிரிக்குள் சரியான கணத்தில் போய்ச் சேருகிறவர்கள். சீசன் கூட்டத்தில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் குற்றாலம் பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று தெரிந்தவர் ஓடாமலே ஜன்னல் சீட்டைப் பிடிப்பார் அல்லவா, அந்த அறிவுதான் இது. 2018-19 ஐ-லீக் பட்டத்தைக் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு சென்னை சிட்டி அணி வென்றபோது, அதன் ஸ்ட்ரைக்கர் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார். அந்தக் கோல்களை மறுபடி பார்ப்பவர்கள் பந்தை விட்டுவிட்டு, அது வருவதற்கு முன் அவர் வைக்கும் மூன்று நான்கு அடிகளைக் கவனிக்க வேண்டும்.

தென்காசிக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகாற்று இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் விழ, சுற்றுவட்டார மைதானங்கள் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும். பந்தைக் காற்று பிடித்திழுக்கும் விசை, காற்றுக்கும் பந்துக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்துக்கு எதிரே 36 கிலோமீட்டர் காற்று வீசினால், அமைதியான நாளில் உள்ள இழுவையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு இழுவை. அதே காற்று முதுகுப் பக்கம் வீசினால் இழுவை மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். ஆகவே முதல் பாதியில் சரியாக விழுந்த கிராஸ், பக்கம் மாறிய பிறகு எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடும். காற்றை எதிர்த்து ஆடும்போது பந்து தரையோடு வரவேண்டும். ஸ்ட்ரைக்கரும் இரண்டடி முன்னால் வந்து அதைச் சந்திக்க வேண்டும்.

ஈரமும் அப்படித்தான். நனைந்த குட்டைப் புல்லில் உராய்வு குறைவதால், தரையில் பட்ட பந்து வேகம் குறையாமல் வழுக்கி வரும். கோல்கீப்பரின் கையிலும் அது எளிதில் தங்காது. தாழ்வாக அடித்துவிட்டு, தெறித்து வரும் பந்துக்காக ஓடுகிறவருக்கு அன்று அறுவடை. தண்ணீர் தேங்கிய குழியிலோ பந்து அப்படியே நின்றுவிடும். பந்தை வளைக்கச் சுழற்சி தேவை. ஈரமான பூட்ஸுக்கும் பந்துக்கும் உராய்வு குறைந்தால் சுழற்சியும் குறையும், வளைவும் குறையும். மழை என்று பயிற்சியை நிறுத்திவிடும் ஊர்களுக்குக் கிடைக்காத அறிவு இது. இடி மின்னல் இல்லாத சாரலில் ஆடப் பழகிய பையனுக்கு கேரளத்திலும் கோவாவிலும் ஆடி மாத மைதானம் புதிதாக இருக்காது.

இனி மனசு. தொழில்முறை ஆட்டத்தில் கோலை நோக்கி அடிக்கும் பத்தில் சுமார் ஒன்றுதான் கோலாகிறது. ஒவ்வொரு உதைக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், தொடர்ந்து 20 உதைகள் வீணாவதற்கான நிகழ்தகவு 12 சதவீதம். திறமை துளியும் குறையாமலே எட்டுப் பேரில் ஒருவருக்கு அப்படி ஒரு வறட்சி நேரும். ஏழெட்டு ஆட்டம் கோல் இல்லை என்றதும் பையனை உட்காரவைக்கும் தேர்வாளர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நல்ல இடங்களுக்குப் போய்ச் சேருகிறானா என்பதே பார்க்க வேண்டியது. சேருகிறான் என்றால் கோல் வரும். சேருவதை நிறுத்திவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். தவறவிட்ட பயத்தில் அடுத்த பந்தை இன்னொருவருக்குத் தள்ளிவிடும் ஸ்ட்ரைக்கர், புள்ளிவிவரத்தில் தவறே செய்யாதவராகத் தெரிவார். ஆனால் அவரால் அணிக்குப் பயன் இருக்காது.

பயம் உதையைக் கெடுப்பதற்குச் சான்று இருக்கிறது. பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட் அவுட்களை யோர்டெட்டும் அவருடன் பணியாற்றிய ஹார்ட்மனும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். அடித்தால் உடனே வெற்றி என்ற நிலையில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கோலாகின. தவறினால் உடனே தோல்வி என்ற நிலையில் பத்தில் ஆறு அளவுக்குச் சரிந்தன. தூரமும் கோலும் மாறவில்லை. கோல்கீப்பர்களும் மனிதர்கள்தாம். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2007இல் 286 பெனால்டிகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 29 சதவீதப் பந்துகள் நடுவே வந்திருந்தன. கோல்கீப்பர்களோ 6 சதவீதம்தான் நடுவில் நின்றார்கள். சும்மா நின்று கோல் விட்டால் ஊர் திட்டும் என்ற கூச்சமே அவர்களைப் பாயவைக்கிறது என்று அந்த ஆய்வு கருதியது.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்ட்ரைக்கரின் வேலை திடீர் ஓட்டம், திடீர் நிறுத்தம், திருப்பம். தொடையின் பின்தசையும் முழங்காலும் அடிவாங்கும். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரக் கிராமத்திலிருந்து வந்து சென்னை சிட்டியில் பெயர் வாங்கிய மைக்கேல் சூசைராஜ், 2020 நவம்பரில் ஏடிகே மோகன் பகானுக்காக ஆடிய முதல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தால் வெளியேறினார். அந்த சீசனே போயிற்று. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான ஏறக்குறைய 1,900 பெண்களிடம், ஃபிஃபா 11 பிளஸ் என்ற இருபது நிமிட வார்ம் அப் பயிற்சியைச் சோதித்தார்கள். செய்த அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பெண்களுக்கு முழங்கால் தசைநார் அறுபடும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற மாநிலம் இது. கடலூர் மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதன் இந்திய அணியின் முன்வரிசையில் ஆடியிருக்கிறார். நம் பள்ளிக் குழந்தைகளுக்கு அந்த இருபது நிமிடத்தை மறுக்கக் கூடாது.

இவ்வளவையும் கற்ற பையனுக்கு மேலே இடம் இருக்கிறதா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2014இல் ஐஎஸ்எல் தொடங்கியதிலிருந்து 2024-25 வரை அதிக கோலுக்கான தங்கக் காலணியை ஓர் இந்தியர்கூட வாங்கவில்லை. சென்னையின் அணிக்காக அதை வாங்கியவர்கள் பிரேசிலின் எலானோவும் கொலம்பியாவின் மென்டோசாவும் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸும். கோல் அடிக்கும் நடு இடத்துக்கு அணிகள் வெளிநாட்டவரை வாங்குகின்றன. வேகமுள்ள நம் பையன்களை ஓரத்துக்கு அனுப்புகின்றன. 37 டிகிரிக்குள் நிற்கவே விடாமல், இந்தியாவில் ஃபினிஷிங் தெரிந்தவர் இல்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

விதிவிலக்கு சுனில் சேத்ரி. 170 சென்டிமீட்டர் உயரம்தான், ஆனால் தலையால் அடிப்பதில் கெட்டிக்காரர். 2024 ஜூன் 6ஆம் தேதி குவைத்துக்கு எதிராக ஆடிவிட்டு இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். முன்வரிசைக்கு ஆள் இல்லாததால் திரும்ப அழைத்தார்கள். 2025 மார்ச் 19ஆம் தேதி ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக, லிஸ்டன் கொலாசோ அனுப்பிய கிராஸைத் தலையால் வலைக்குள் தள்ளினார். அவருடைய 95ஆவது சர்வதேச கோல். ஓட்டம் குறைந்த நாற்பது வயதிலும் பந்து எங்கே விழும் என்ற கணிப்பு அவரிடம் குறையவில்லை. அந்தக் கணிப்பைப் பன்னிரண்டு வயதில் பழக்கத் தொடங்கினால்தான் இருபதில் கைகூடும். இந்த ஆனியில் தொடங்கினாலும் தென்காசிக்கு அதன் பலன் எட்டு ஆண்டு கழித்துத்தான் தெரியும்.