ஹெரால்டின் சீமைத் தங்கை

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் 1961 முதல் தயாரான வண்டி அது. அம்பாசிடரும் ஃபியட்டும் மட்டுமே தெரிந்த நம் சாலைகளில் ஹெரால்டு தனி அழகோடு ஓடியது. அதன் மூக்குப் பகுதி முழுவதும், மட்கார்டுகளையும் சேர்த்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலையை முடித்துவிடுவார்.

இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் நம் ஹெரால்டின் மூலம். அதற்கு அங்கே ஒரு தங்கை உண்டு. ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, இருவர் மட்டும் அமரும்படி, துணிக் கூரையோடு செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற போர் விமானத்தின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்: ஸ்பிட்ஃபயர்.

இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகலாட்டி. ஸ்பிட்ஃபயரின் மாதிரி வண்டி தயாரான சமயம் கம்பெனி கடன் தொல்லையில் இருந்ததால், அதை ஒரு மூலையில் துணி போட்டு மூடிவிட்டார்கள். 1961-ல் லேலண்டு நிறுவனம் டிரையம்பை வாங்கியபோது, சொத்துக்களைப் பார்வையிட வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து உடனே அனுமதி கொடுத்தார்கள். 1962 அக்டோபரில் லண்டன் கண்காட்சிக்கு வந்த வண்டி, 1980 ஆகஸ்ட் வரை காவெண்ட்ரி நகரின் கான்லி தொழிற்சாலையில் தயாரானது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

அவற்றில் பல்லாயிரம் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. பெரும்பாலும் சாதாரண மனிதர்கள், குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும், வீட்டை ஒட்டிய ஷெட்டில் சனி ஞாயிறுகளில் உழைத்துக் காப்பாற்றியவை இவை. அதே சமயம், பாதி பிரித்த நிலையில், உதிரி பாகங்கள் நிறைந்த அட்டைப் பெட்டிகளோடு விலைக்கு வரும் வண்டிகளுக்கும் அங்கே குறைவில்லை. ஆசையோ பணமோ இல்லாமல் அவை நின்றுபோகவில்லை. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற வரிசை தெரியாமல் நின்றவையே அதிகம். அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிப்பதற்கு முன்

வண்டி வந்த அன்றே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. முதலில் வண்டியின் எண் தகட்டைப் படிக்க வேண்டும். எஃப்.சி. என்று தொடங்கினால் முதலிரண்டு மாடல்கள், எஃப்.டி. என்றால் 1967-ல் வந்த மூன்றாவது மாடல். இன்ஜினும் 1147 சி.சி.யில் தொடங்கி, 1296, 1493 என்று வளர்ந்தது. மாடல் தெரியாமல் பாகம் வாங்கினால் பணம் வீண். கேடன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் உள்ளன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், வண்டி எந்த நிறத்தில் எப்போது வெளியேறியது என்று சான்றிதழ் தருகிறார்கள். 1977-ல் தொடங்கிய டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் போன்ற சங்கங்களில் அனுபவஸ்தர்களின் ஆலோசனை கிடைக்கும்.

அடுத்தது கருவிகள். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் உள்ளவை. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். கையில் இருக்கிறதே என்று 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முதலில் பிடிப்பது போலத்தான் இருக்கும். துருப்பிடித்த நட்டை அழுத்தித் திருப்பும்போது முனை மழுங்கிவிடும். ஐந்து நிமிட வேலை அரை நாள் வேலையாகிவிடும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித் தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். நினைவு இருக்கும் என்று நம்பியவர்களின் வண்டிகள்தாம் அட்டைப் பெட்டியில் விற்பனைக்கு வருகின்றன.

முதல் எதிரி துரு

பிரிட்டனில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுவது வழக்கம். உப்பும் ஈரமும் சேர்ந்து தகரத்தை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகரம் அப்பளமாக நொறுங்கும்.

ஸ்பிட்ஃபயரில் மிக முக்கியமான இடம் இரு கதவுகளுக்கும் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் தகரப் பெட்டி. இதை ‘சில்’ என்பார்கள். ஹெரால்டில் சேஸிஸுக்குப் பக்கவாட்டிலும் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரின் சேஸிஸோ முதுகெலும்பு போல நடுவில் மட்டும் ஓடுகிறது. ஆகவே பக்கவாட்டுப் பலம் முழுவதும் இந்தச் சில்களில்தான் இருக்கிறது. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் பலத்துக்காக ஒரு தகடு என்று மூன்று அடுக்குகள் கொண்ட பகுதி இது. வெளித்தகட்டை மட்டும் மாற்றிப் பட்டி பூசிய வண்டி பார்வைக்குப் புதியது, மோதினாலோ மடங்கிவிடும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். இரண்டு பக்கச் சில்களையும் ஒரே சமயத்தில் வெட்டி எடுத்தால், திறந்த கூரை கொண்ட அந்த உடல் நடுவில் தொய்ந்துவிடும். புதுத் தகட்டை அந்தத் தொய்வோடு வெல்டிங் செய்துவிட்டால் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. ஆகவே, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கதவு இடைவெளியின் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பொருத்தி, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறு பக்கத்தைத் தொட வேண்டும். அவ்வப்போது கதவை மாட்டி, சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால் இருக்கிறது. வெல்டிங் தொடங்குமுன் அதைக் கழற்றி வீட்டுக்கு வெளியே தூரமாக வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று எண்ண வேண்டாம். நிறைந்த டேங்கைவிட ஆவி நிரம்பிய காலி டேங்க்தான் அதிகம் வெடிக்கும்.

உயிரைக் காக்கும் பாகங்கள்

தகர வேலை முடிந்ததும் கை இன்ஜினுக்குத்தான் போகும். அதைச் சற்று அடக்கிக்கொண்டு சக்கரங்களிடம் செல்ல வேண்டும். ஓடாத இன்ஜினால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத வண்டியால்தான் ஆபத்து.

முன் சக்கரத்தைத் தாங்கி நிற்பது செங்குத்தான ஓர் எஃகுத் தண்டு. அதன் அடிமுனையில் மரை வெட்டப்பட்டு, டிரனியன் என்ற வெண்கலப் பாகத்துக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்த மரையில்தான் சுழல்கிறது. இதற்கு கிரீஸ் அல்ல, கியர் பாக்ஸுக்கு ஊற்றும் கெட்டியான 90 எண் ஆயில்தான் செலுத்த வேண்டும். வழவழப்பு வற்றி உள்ளே நீர் இறங்கினால் மரை துருப்பிடித்து இறுகும். இறுகிய தண்டு ஒருநாள் திருப்பத்தில் முறிந்து, சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிக்கொள்ளும். பழைய டிரையம்ப் வண்டிகளில் பலருக்கு நேர்ந்த விபத்து இது. சில சொட்டு ஆயில் அதைத் தடுத்துவிடும். தண்டைக் கழற்றித் துடைத்து, மரையில் அரிப்புக் கண்டால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். இடது, வலது பக்கங்களுக்கு மரையின் திசை வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

பிரேக்கில் பழையது என்று எதையும் விட்டுவைக்க வேண்டாம். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ரப்பர் குழாய்கள், சிலிண்டர்களுக்குள் உள்ள ரப்பர்கள், துருப்பிடித்த எஃகுக் குழாய்கள் அனைத்தையும் மாற்றிவிட வேண்டும். குழாய்க்குத் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் கலவை நல்லது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதுவது நம் ஊர்ப் பட்டறைகளிலும் காணும் வழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை. ஈரத் துணியால் துடைத்தெடுத்துவிட வேண்டும்.

வண்டிக்கடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு உறுதியான இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும்.

இன்ஜினும் ஒயரிங்கும்

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை ஆர்வத்தால் பிரிக்க வேண்டாம். ஒரு சோதனை மட்டும் அவசியம். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் இன்ஜினின் முன்பக்கப் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்க் ஷாஃப்டின் பிறை வடிவ வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அவை கழன்று கீழே விழுந்தால் கிராங்க் ஷாஃப்ட் இன்ஜின் பிளாக்கையே அரைத்துவிடும். காலத்தில் கண்டுபிடித்தால் செலவு கொஞ்சம்தான்.

இந்த வண்டிக்கு இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, ‘உஸ்’ என்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை திருகைச் சரிசெய்யலாம். இந்தப் பழைய முறை இன்றும் செல்லும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2000-ல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. ஈயம் இல்லாவிட்டால் பழைய வால்வு இருக்கைகள் மெல்ல மெல்லத் தேயும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினமான இருக்கைகளைப் பொருத்திவிடுவது உத்தமம். 2021 முதல் பிரிட்டனின் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது பழைய ரப்பர் குழாய்களைக் கரைத்துக் கசியவிடும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களைப் போடுவது கட்டாயம்.

ஒயரிங் என்றால் பலருக்கு அச்சம். உண்மையில் லூகாஸ் கம்பெனியின் ஒயர்களில் நிறங்களே வழிகாட்டி. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை, சாவி திருப்பியதும் உயிர் பெறுவது, பச்சை, அதே மின்சாரம் ஃபியூஸைக் கடந்து வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சின்ன விளக்குகள், கறுப்பு எர்த். விளக்கு மங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது துருப்பிடித்த எர்த் இணைப்பை. முதலிரண்டு மாடல்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த் என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கம்போல் நெகட்டிவ் என்று எண்ணி இன்றைய ரேடியோவை இணைத்தால் அது அன்றே கருகும்.

கடைசியில்தான் பெயிண்ட்

பெயிண்ட், இருக்கை உறை, துணிக் கூரை எல்லாம் இறுதியில்தான். வண்டி சில நூறு மைல்கள் ஓடி, கசிவுகளும் கோளாறுகளும் வெளிப்பட்டு, அவற்றைச் சரிசெய்த பிறகு பெயிண்ட் அடித்தால் அது கீறல் படாமல் நிற்கும். இன்றைய இரு-கலவை பெயிண்டின் புகை நுரையீரலுக்கு மிகவும் கெடுதல். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்கவே கூடாது. இந்த ஒரு வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பதில் வெட்கமில்லை.

பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் பொறுப்புள்ளவர்கள் தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகிறார்கள். வண்டியைச் சீர்செய்தவர் கண்ணுக்குத் தப்பிய குறை மற்றவர் கண்ணுக்குத் தெரியும் அல்லவா?

நம்மவர்களில் சிலர் வீட்டில், சென்னையிலோ மதுரையிலோ, அப்பாவின் ஹெரால்டோ அம்பாசிடரோ தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருக்கலாம். விடுமுறைக்குப் போகும்போது ‘பெயிண்ட் அடித்துவிடலாமா’ என்ற பேச்சு எழும். அப்போது இந்த வரிசையை நினைவில் கொள்ளுங்கள்: முதலில் துரு, அடுத்து சக்கரமும் பிரேக்கும், பிறகு இன்ஜினும் ஒயரிங்கும், கடைசியில் பளபளப்பு. தார்ப்பாயை விலக்கியதும் பானெட்டைப் பார்க்காதீர்கள். குனிந்து, கதவுக்கு அடியில் விரலால் அழுத்திப் பாருங்கள்.