ஏரி ஒன்று, காகிதம் இரண்டு

எழுத்துக்குப் பின்னால் – தொடர் 9

போன வாரம் பற்பசை விளம்பரத்தோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கும். ஏழாம் வகுப்பு ஆங்கிலத்தில் ‘பர்சுவேசிவ்’, ‘இன்ஃபர்மேஷனல்’ என்று உரைநடையை இரண்டாகப் பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவினை குன்றத்தூர்த் தெருவில் செல்லுபடியாகிறதா என்பதுதான் நம் தொடர். முன்கதை இவ்வளவு போதும். இந்த வாரம் ஒரகடம் வேலைவாய்ப்புச் சுவரொட்டிகளைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாணவி பையிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்பு நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் போட்டாள். சுவரொட்டியை எல்லோரும் மறந்துபோனோம்.

வழவழப்பான தாள், முழுக்க ஆங்கிலம். பால்கனியில் கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஒரு நாய். அவர்களுக்கு எதிரே நீலமாக ஒரு ஏரி. ஏரிக்கும் வீட்டுக்கும் நடுவே சாலையோ, மின்கம்பமோ, ஒரு டீக்கடையோ கிடையாது. அடியில் ‘படம் ஓவியரின் கற்பனை’ என்ற பொருளில் ஒரு வரி. “ஒரகடம் 15 நிமிடம்” என்பது மட்டும் கொட்டை எழுத்தில்.

அந்த 15 நிமிடத்தைப் பிள்ளைகள் விடவில்லை. குன்றத்தூரிலிருந்து ஒரகடம் 20 கிலோமீட்டருக்கு மேல். 20 என்றே வைத்துக்கொண்டாலும் வழியில் எங்கும் நிற்காமல் மணிக்கு 80 கிலோமீட்டரில் போக வேண்டும். “எங்கப்பா கம்பெனி பஸ்ல போறாரு சார், ஷிஃப்ட் விடுற நேரத்துல ஸ்ரீபெரும்புதூர் தாண்டவே அரை மணி ஆவும்” என்றான் ஒருவன். தூரத்தைக் கிலோமீட்டரில் சொன்னால் யாரும் அளந்து பார்த்துவிடலாம். நிமிடத்தில் சொன்னால் எந்த நிமிடம், யாருடைய வண்டி என்று கேட்க ஆள் வேண்டும்.

சட்டம் கேட்கத்தான் செய்கிறது. ‘ரெரா’ என்று நாம் சொல்லும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் எடுப்பாகத் தெரிய வேண்டும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பின்குறிப்பு, அது விளக்கும் வாசகத்தின் மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டுமாம். எங்கள் நோட்டீஸில் பதிவு எண் இருந்தது. அதைப் படிக்க, வகுப்பிலேயே கண் நல்லாயிருக்கும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இதற்கு மறுபக்கமாக ‘இன்ஃபர்மேஷனல்’ ஒன்று வேண்டுமே என்று பழைய ஆங்கில நாளிதழ்ச் செய்தி ஒன்றைத் தேடி எடுத்தேன். செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு எச்சரிக்கை. நோட்டீஸில் நீலமாகத் தெரிந்த அதே ஏரி! வடகிழக்குப் பருவமழை வலுத்தால் வருகிற இந்த அறிவிப்பில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று உபரி நீர் போகும் வழியிலேயே ஊர்ப் பெயர்கள் வரும். தங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. என்ன செய்தி என்று புரிந்ததும் குஷி அடங்கிவிட்டது.

“விநாடிக்கு 1,000 கன அடின்னா எவ்ளோ சார்?” இந்தக் கேள்விதான் இந்த வாரத்தையே விழுங்கியது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். அப்படியானால் ஆயிரம் கன அடி, 28,300 லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் இரண்டேகால் லாரிக்கு மேல், ஒவ்வொரு விநாடியும். 2020 நவம்பர் 25 அன்று, நிவர் புயலின்போது முதலில் திறந்துவிட்டது இவ்வளவுதான். இனி 2015 டிசம்பர் 1க்குப் போங்கள்: 29,000 கன அடி. விநாடிக்கு 68 லாரி. ‘ஒன்று’ என்று சொல்லி முடிப்பதற்குள் 68 லாரித் தண்ணீர் அடையாறை நோக்கிப் போய்விட்டது. இதைக் கரும்பலகையில் போட்டு முடித்தபோது யாரும் பேசவில்லை. அறிவிப்பில் எல்லா எண்ணும் சரியாகத்தான் இருக்கும். என் வீட்டு வாசற்படிக்கு எத்தனை அடி ஏறும் என்பது மட்டும் அதில் இருக்காது. ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்று சொன்னால் பொறியாளருக்குப் புரியும். கீழ்த்தளத்தில் குடியிருப்பவர் பரண்மேல் எதை ஏற்றுவது என்று எப்படி முடிவு செய்வார்?

பிறகு இலக்கணம். இரண்டு தாள்களிலும் எழுவாயை அடிக்கோடிடச் சொன்னேன். நோட்டீஸ் முழுக்க ‘நீங்கள்’, ‘உங்கள்’. உங்கள் காலை, உங்கள் ஏரி, உங்கள் கனவு. எச்சரிக்கையிலோ ஆளே இல்லை. தண்ணீர் திறக்கப்படுகிறது, மக்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். செயப்பாட்டு வினையை நாம் பரீட்சைக்காக ‘மாற்றி எழுதுக’ என்று ஒரு மார்க்குக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அது எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க 2015 வெள்ளத்தைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. யார், எப்போது, யாரைக் கேட்டுத் திறந்தார்கள் என்பதில்தான் ஊரே சண்டை போட்டது. 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையின் சாரம், அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்பது. வெள்ளத்துக்கு எழுவாய் தேட இரண்டரை ஆண்டு. என்னைக் கேட்டால், ஆசை காட்டும் நோட்டீஸைவிட இந்த ஆளில்லாத் தகவலைத்தான் பிள்ளைகள் அதிகம் சந்தேகிக்கப் பழக வேண்டும். நோட்டீஸ் விற்க வந்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

பக்கம் தீரப்போகிறது, ஆனாலும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட மனமில்லை. சேக்கிழார். சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்த சோழனை அதிலிருந்து மீட்கத்தான் அமைச்சரான இவர் பெரிய புராணம் பாடினார் என்பது வழிவழி வரும் கதை. ஆக, எழுதிய நோக்கம் அரசன் மனத்தை மாற்றுவது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள்: இன்ன நாடு, இன்ன ஊர், இன்ன தொழில் என்று ஒரே விவரம். திருநீலகண்டர் மண்பாண்டம் செய்பவர், அதிபத்தர் மீன் பிடிப்பவர், திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் துணி வெளுப்பவர். சுந்தரர் 11 பாட்டில் பெயர்ப்பட்டியலாகக் கொடுத்ததை, நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார். சேக்கிழார் 4,200 பாட்டுக்கு மேல் கொண்டுபோனார். அரசனோடு ஒரு வாதம்கூடச் செய்யாமல் ஆட்களை மட்டும் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் அந்தப் பெட்டி, பாதிப் பேர் இந்தப் பெட்டி. சண்டை முடியாமலே மணியடித்துவிட்டது.

சுவரொட்டி அடுத்த வாரம் கட்டாயம். பேருந்து நிறுத்தத்தில் கிழித்தெடுத்தவை மேசைமேல் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் சம்பளம் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, தங்குமிடம் இருக்கிறது. கம்பெனிப் பெயர் ஒன்றில்கூட இல்லை.