மூக்குக் கண்ணாடியும் காமிராவும்

மூக்குக் கண்ணாடி அணிந்து காமிராவுக்குள் பார்ப்பவர்களில் பலருக்குக் காட்சியின் நடுப்பகுதிதான் தெரிகிறது; ஓரங்கள் தெரிவதில்லை. இதை நான் அறிந்துகொண்டது ஒரு நஷ்டத்தினால்தான். 2006ஆம் ஆண்டு புரட்டாசியில், திருவையாற்றுக்கு அருகில் எங்கள் வயலில் சம்பா நடவு. இரவல் வாங்கிய பிலிம் காமிராவில் அம்மாவைப் படம் பிடித்தேன். கையில் நாற்று முடியும் காலில் சேறுமாக, பார்க்கும் துளை நிறைய அம்மா நின்றாள். கழுவி வந்த படத்திலோ அவள் சுண்டுவிரல் அளவுக்குச் சிறுத்திருந்தாள். ஒரு பக்கம் பம்புசெட்டுக் கொட்டகை, மறுபக்கம் மின்கம்பம்! அடுத்த ஆண்டு எங்கள் வயலுக்கு நடவு இயந்திரம் வந்துவிட்டது. அம்மா நாற்று நடும் படம் அது ஒன்றுதான்.

காரணம் எளியது. ஜன்னலை ஒட்டி நின்றால் தெரு முழுவதும் தெரியும். நான்கடி பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டுத் திண்ணை மட்டுமே தெரியும் அல்லவா? காமிராவிலும் ஏறக்குறைய அப்படித்தான். காட்சியின் நான்கு மூலைகளிலிருந்தும் வரும் ஒளிக்கதிர்கள், பார்க்கும் வில்லைக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தொலைவில் ஓரிடத்தில் கூடுகின்றன. கண்மணி அங்கே இருந்தால் முழுக் காட்சியும் கிடைக்கும். மூக்குக் கண்ணாடியோ கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்த இடைவெளியைக் காமிரா தராவிட்டால் ஓரங்கள் மறைந்துபோகும். ஆனால் பிலிமுக்கு அவை மறைவதில்லை. நாம் காணாத கம்பத்தையும் அது பதிவு செய்துவிடுகிறது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பல காமிராக்களில் துளையின் அருகே பவரைச் சரிசெய்யும் சிறு திருகு உண்டு. குறைந்த கிட்டப்பார்வைக்கு அது போதும். சிலிண்டர் பவருக்கு உதவாது. மேலும், காமிராவை இறக்கியதும் உலகம் மங்கிவிடும். கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் வாய்க்கால் கொக்கு பறந்துவிடும்!

வெள்ளெழுத்துக்காரர்களுக்கு மட்டும் ஓர் ஆறுதல். துளைக்குள் தெரியும் பிம்பம், பெரும்பாலும் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதுபோல அமைக்கப்படுகிறது. ஆகவே படிக்கும் கண்ணாடி இல்லாமலே பலரால் பார்க்க முடியும். டிஜிட்டல் காமிராவின் முதுகுத் திரைக்கு அந்தக் கண்ணாடி தேவை; உச்சி வெயிலில் வயலில் நின்றால் அந்தத் திரையும் சரியாகத் தெரியாது.

இக்குறையை உற்பத்தியாளர்கள் அறியாமல் இல்லை. 1982இல் நிக்கான் நிறுவனம் தன் எஃப்3 காமிராவுக்கு, கண்ணை 25 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் முழுக் காட்சி தெரியும் பார்வைப் பகுதியை அளித்தது. பிம்பம் சற்றுச் சிறிதாகத் தெரியும். என் கணக்கில் அது நஷ்டமே இல்லை. இன்றைய காமிராக்களின் விவரப் பட்டியலிலும் இந்தத் தொலைவைக் குறிப்பிடுகிறார்கள். கடையில் மூக்குக் கண்ணாடியோடு பார்த்து, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று சோதித்த பிறகே விலை பேசுங்கள். கையில் இருப்பது பழைய காமிராவானால், பொத்தானை அழுத்துமுன் கண்ணை இடமும் வலமும் மேலும் கீழும் சற்று நகர்த்தி ஓரங்களைப் பார்த்துக்கொள்ளலாம். துளையைச் சுற்றி ரப்பர் வளையம் இல்லையென்றால் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள். உலோக விளிம்பு மூக்குக் கண்ணாடியில் கீறல் போட்டுவிடும்.