அருவியைப் பாலாக்கும் ஷட்டர்: ஒரு குறிப்பு

பத்து வருஷமாகச் சாரல் சீசனில் குற்றாலம் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் பேரருவியைப் படம் எடுப்பதுண்டு. போன மாதம் ஒரு ஆசை வந்தது. எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்து, எந்த வருஷம் தண்ணீர் எப்படி விழுந்தது என்று ஒப்பிட்டால் என்ன? உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைத் திரை. நன்றாகக் கொட்டிய நாளும் சுமாராக விழுந்த நாளும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. காரணம், நான் பிடிவாதமாக வைத்த ஒரு நொடி ஷட்டர்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேரருவி நீர் மேலிருந்து பொங்குமாங்கடலில் விழுந்து, நிரம்பி, மறுபடி கீழே விழுகிறது. அங்கிருந்து 5 மீட்டர் இறங்கிய நீரை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தடையை விட்டுவிட்டால் 2 × 9.8 × 5 = 98. அதன் வர்க்கமூலம், அதாவது நொடிக்குச் சுமார் 10 மீட்டர், அதன் வேகம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு துளி எவ்வளவு தூரம் போகும்?

1/1000 நொடி: 1 செ.மீ. (துளி துளியாகத் தெரியும்)
1/125 நொடி: 8 செ.மீ. (சிறு கோடுகள்)
1/15 நொடி: 67 செ.மீ. (இழை இழையாக)
1 நொடி: 10 மீட்டருக்கும் மேல் (பால்)

ஒரு நொடி என்றால், ஒவ்வொரு பிக்சலும் அந்த நேரத்தில் தன் முன்னால் வந்துபோன எல்லாவற்றின் சராசரி. நீர் விட்டு விட்டு விழும்போது நடுவில் தெரியும் பாறையும் அதில் கரைந்துவிடும். நமக்கு வேண்டிய தகவலே அந்த இடைவெளிதான்.

இந்தப் பால் தோற்றம் புதுசு இல்லை. 1872-இல் மைப்ரிட்ஜ் அமெரிக்காவின் யோசெமிட்டி அருவிகளை எடுத்தபோது, அன்றைய ஈரத் தகடுகளுக்கு நீண்ட நேரம் வெளிச்சம் தேவைப்பட்டது; நீர் பனிமூட்டமாகப் பதிந்தது. அவருக்கு வேறு வழி இல்லை. நாம காசு கொடுத்து ஃபில்டர் வாங்கி அதை வரவழைக்கிறோம்!

ஃபில்டர் கணக்கும் எளிதுதான். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/16 என்றால் ஷட்டர் சுமார் 1/100 நொடி. 6 ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால் 64 மடங்கு, அதாவது 0.64 நொடி. 10 ஸ்டாப் என்றால் சுமார் 10 நொடி. சாரல் நாளில் வானம் மூடியிருப்பதால் 3 ஸ்டாப்பே போதும். ஃபில்டர் இல்லையேன்னு எஃப்/22-க்குப் போனால் படத்தின் கூர்மை குறையும். போலரைசர் ஒன்று இருந்தால் நல்லது. ஈரப் பாறையின் பளபளப்பைக் குறைக்கும், ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் குறைக்கும்.

இதுல என்ன சிக்கல்னா, ஒரு தடவை ஒரு நொடியில் எடுத்துவிட்டால் அதிலிருந்து 1/125-ஐத் திரும்பப் பெற முடியாது. ஆனால் 1/125-இல் எடுத்த பல படங்களிலிருந்து ஒரு நொடிப் படத்தைச் செய்ய முடியும். இதுதான் எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றாமல் போன விஷயம்.

இப்போது நான் செய்வது இது. ட்ரைபாட், ஒரே இடம், ஒரே ஃபோகல் லெங்த், குளிப்பவர்கள் வராதபடி மேல்பகுதி மட்டும். நுரை வெளுத்துப் போகாமல் இருக்க எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைப்பேன். 1/125-இல் தொடர்ச்சியாக 64 படங்கள். நொடிக்குப் பத்து என்றால் ஏழு நொடிக்குள் முடிந்துவிடும். நடுநடுவே லென்ஸைத் துடைக்க இரண்டு துணி கட்டாயம். வீட்டுக்கு வந்து, பைத்தானில் நாலைந்து வரி எழுதி 64 படத்துக்கும் சராசரி எடுத்தால் பட்டு மாதிரி அருவி வந்துவிடுகிறது. ஃபில்டரே வேண்டாம். இரைச்சலும் எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது, 64-இன் வர்க்கமூலம் 8 என்பதால். சுவரில் மாட்ட அந்தப் படம். ஒப்பிட்டுப் பார்க்க மூலப் படங்கள். அவற்றை அழிக்காமல் தேதி போட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது அப்பாவின் பழைய ஆல்பத்தையும் எடுத்துப் பார்த்தேன். சாதாரண ஃபிலிம் கேமராவில் எடுத்த குற்றாலம் படம் ஒன்று இருக்கிறது. அந்த மாதிரி கேமராக்களில் ஷட்டரை மாற்றவே முடியாது. பெரும்பாலும் 1/100 நொடியை ஒட்டித்தான் இருக்கும். எங்க எல்லார் தலையும் பாதி வெட்டுப்பட்ட படம். ஆனால் பின்னால் அருவி இழை இழையாக, நடுவில் எந்தப் பாறை தெரிந்தது என்பது வரை பதிவாகியிருக்கிறது. என் பத்து வருஷப் படங்களில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒன்று இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் ஸ்கேன் பண்ணி, வருஷத்தைக் குறித்து வையுங்கள்.