சைடுகார் (காக்டெயில்)

சைடுகார் என்பது பிராந்தி, ஆரஞ்சுத் தோலின் மணமூட்டிய இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றையும் பனிக்கட்டியுடன் குலுக்கித் தயாரிக்கப்படும் காக்டெயில் ஆகும். முதலாம் உலகப் போருக்குப் பின் லண்டனிலும் பாரிசிலும் பரவிய இது, பிராந்தி காக்டெயில்களில் மிகவும் அறியப்பட்ட ஒன்றாகும்.

வரலாறு

இதன் செய்முறை 1922ஆம் ஆண்டில் வெளியான ராபர்ட் வெர்மெய்ரின் நூலில் இடம்பெற்றுள்ளது. லண்டன் பக்ஸ் கிளப்பில் பணியாற்றிய மெக்கேரி இதனை அந்நகரில் அறிமுகப்படுத்தியதாக அந்நூல் கூறுகிறது. பாரிசில் மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் வந்திறங்கும் ஓர் இராணுவ அதிகாரிக்காக உருவாக்கப்பட்டதால் இப்பெயர் வந்தது என்ற கதையும் வழங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் நியூ ஓர்லியன்சில் தோன்றிய 'பிராந்தி கிரஸ்டா' இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

உட்பொருட்கள்

* கோன்யாக் பிராந்தி – 50 மி.லி.
* டிரிப்பிள் செக் (குவாந்த்ரோ போன்றது) – 20 மி.லி.
* புதிதாகப் பிழிந்த எலுமிச்சைச் சாறு – 20 மி.லி.

வெர்மெய்ரின் நூல் மூன்றையும் சம அளவில் சேர்க்கச் சொல்கிறது. 1930இல் வெளியான சவோய் காக்டெயில் நூல் பிராந்தியை இரண்டு பங்காக்கியது. மேலே உள்ள அளவு இந்த இரண்டாம் முறைக்கு நெருங்கியது.

செய்முறை

1. கண்ணாடிக் கோப்பையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிர்விக்க வேண்டும்.
2. விரும்பினால், கோப்பையின் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்துச் சர்க்கரையில் தொட்டெடுக்கலாம்.
3. மூன்று பொருட்களையும் அளந்து, பனிக்கட்டி நிறைந்த மூடியுள்ள குவளையில் ஊற்றி, சுமார் 15 நொடிகள் நன்கு குலுக்க வேண்டும்.
4. பனிக்கட்டி விழாதவாறு கோப்பையில் வடிகட்ட வேண்டும்.

குலுக்குவது குளிர்விப்பதற்கு மட்டுமன்று. உருகும் பனிநீர் மதுவின் காரத்தைத் தணிக்கிறது. சாறும் மதுவும் ஒன்றாகக் கலக்கின்றன.

சுவை வேறுபாடுகள்

கோன்யாக், பிரான்சின் சாரான்ட் பகுதியில் திராட்சை மதுவை இருமுறை காய்ச்சி வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்துப் பெறப்படுவது. இந்தியாவில் பிராந்தி என்ற பெயரில் விற்கப்படும் பலவும் கரும்பு ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து பெறப்படும் எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைப் பயன்படுத்தினால் சுவை வேறுபடும். தமிழ்நாட்டுச் சந்தைகளில் கிடைக்கும் சிறிய எலுமிச்சையும் மேலைநாட்டு மஞ்சள் எலுமிச்சையும் ஒன்றல்ல. எனவே சாற்றை 15 மி.லி. அளவில் தொடங்கி, சுவைத்துப் பார்த்துக் கூட்டுவது நல்லது.

மதுச்செறிவு

பிராந்தியும் குவாந்த்ரோவும் 40 விழுக்காடு ஆல்ககால் கொண்டவை. ஆகவே ஒரு கோப்பையில் 28 மி.லி., அதாவது ஏறத்தாழ 22 கிராம் தூய ஆல்ககால் உள்ளது. 10 கிராமை ஓர் அளவாகக் கொண்டால், இது இரண்டு அளவுக்கும் மேல். புளிப்பும் இனிப்பும் இந்தக் கடுமையை நாவுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவதால், குடிப்பவர் தாம் அருந்திய அளவைக் குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு. இதனை அருந்தியபின் வாகனம் ஓட்டக்கூடாது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கத் தடை உள்ளது.